கடலுக்குப் போகும் இரண்டு பங்கு

திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், காற்றாலைகள் ஓயாது சுழலும் இராதாபுரம் வட்டாரத்தைக் கடந்து, மன்னார் வளைகுடாவின் கரையில் நிற்கும் கூடங்குளம் அணுமின் நிலையத்தைப் பற்றி நம்மவர்கள் வாதிக்காத விஷயம் இல்லை. அதன் பாதுகாப்பைப் பற்றியும், இடிந்தகரையில் எழுந்த போராட்டத்தைப் பற்றியும், 2013-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதியாகிவிட்டது. ஆனால், அந்த வாதங்களில் எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் மறுக்க முடியாததும், எந்தக் கட்சியைச் சேர்ந்தவரும் நின்று யோசிக்காததுமான ஒரு சாதாரணக் கணக்கு அந்தக் கரையிலேயே கிடக்கிறது. அங்குள்ள முதல் இரண்டு உலைகளில் ஒவ்வொன்றும் முழுச் சக்தியில் ஓடும்போது 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. அதிலிருந்து நமக்குக் கிடைக்கும் மின்சாரம் 1000 மெகாவாட். மூன்றில் ஒரு பங்கு கம்பியில் போகிறது. மற்ற இரண்டு பங்கு கடலுக்குப் போகிறது.

இரண்டாயிரம் மெகாவாட் வெப்பம் என்றால் எவ்வளவு என்பதை மனத்தில் வாங்கிக்கொள்ள ஒரு வழி உண்டு. கடலில் இருந்து எடுக்கும் நீரை ஏழு டிகிரிக்கு மேல் சூடாக்கித் திருப்பி விடலாகாது என்பது நம் நாட்டில் கடலோர அனல் நிலையங்களுக்கு விதிக்கப்பட்ட வரம்பு. அந்த ஏழு டிகிரிக்குள் இவ்வளவு வெப்பத்தையும் அடக்க வேண்டுமானால், ஓர் உலைக்கு மட்டும், ஒவ்வொரு விநாடியும், ஏறத்தாழ எழுபது டன் கடல்நீர் உள்ளே போய் வெளியே வரவேண்டும். நாம் ஒருமுறை மூச்சை இழுத்து விடுவதற்குள் பல லாரிக் கொள்ளளவு நீர் வெப்பத்தைச் சுமந்துகொண்டு சமுத்திரத்துக்குத் திரும்பிவிடுகிறது. கரையோர மீனவர்கள் அணுவைப் பற்றி அஞ்சியதோடு இந்த வெந்நீரைப் பற்றியும் அஞ்சினார்கள் என்பதை நினைவில் கொண்டால், வெப்பச் சிக்கனம் என்பது கம்பெனிக் கணக்கு மட்டும் அன்று என்பது விளங்கும்.

இந்த இரண்டு பங்கில் எவ்வளவு தவிர்க்க முடியாதது, எவ்வளவு நம் அசட்டையால் போவது, அந்த அசட்டையில் எவ்வளவைக் கணிப்பொறியின் துணையால் மீட்கலாம் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

கார்னோ வகுத்த எல்லை

பிரெஞ்சு ராணுவத்தில் பொறியாளராக இருந்த சாதி கார்னோ என்னும் இளைஞர், 1824-இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், நீராவி யந்திரங்களின் திறனை எத்தனை சாமர்த்தியத்தாலும் மீற முடியாத ஓர் எல்லை கட்டுப்படுத்துகிறது என்று காட்டினார். அந்த எல்லை யந்திரத்தின் அமைப்பைப் பொறுத்ததன்று. அதனுள் ஓடும் பொருளைப் பொறுத்ததும் அன்று. வெப்பம் எந்த உஷ்ணநிலையில் உள்ளே வருகிறது, எந்த உஷ்ணநிலையில் வெளியேறுகிறது என்ற இரண்டே எண்களைப் பொறுத்தது. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு விழும் அருவி, விழும் உயரத்துக்கு ஏற்பவே சக்கரத்தைச் சுற்றும்; அதுபோலவே வெப்பமும்.

கூடங்குளத்தில் டர்பைனுக்குள் நுழையும் நீராவியின் உஷ்ணநிலை சுமார் 278 டிகிரி. டர்பைனை விட்டு வெளியேறும் நீராவி கடல்நீரால் குளிர்ந்து நீராகும் இடத்தில் உஷ்ணநிலை 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால், கார்னோவின் சூத்திரப்படி கிடைக்கக்கூடிய உச்சத் திறன் 43 சதவிகிதம். ஆகவே, நூற்றுக்கு ஐம்பத்தேழு பங்கை இயற்கை விதி தன் வரியாக எடுத்துக்கொள்கிறது. அதை யாரிடமும் மேல்முறையீடு செய்ய முடியாது. நாம் எட்டியிருப்பதோ 33 சதவிகிதம். 43-க்கும் 33-க்கும் இடையில் உள்ள அந்தப் பத்துச் சதவிகிதமே மனித முயற்சி நடமாடக்கூடிய மைதானம்; அதிலும் பெரும்பகுதியை உராய்வும், ஈரமும், குழாய்ச் சுவர்களின் தடையும் பிடித்துக்கொள்கின்றன.

தமிழ்நாட்டின் மூன்று அடுப்புகள்

இந்த விதியைப் புத்தகத்தில் படிப்பதைவிடத் தமிழ்நாட்டின் கடற்கரையிலேயே பிரத்தியட்சமாகப் பார்க்கலாம். கல்பாக்கத்தில் 1983-லும் 1985-லும் இயக்கத்துக்கு வந்த கனநீர் உலைகள் சுமார் 250 டிகிரி நீராவியைத் தருமாறு அமைந்தவை. 800 மெகாவாட் வெப்பத்துக்கு 220 மெகாவாட் மின்சாரம், அதாவது 27 அல்லது 28 சதவிகிதம். கூடங்குளத்து ரஷ்ய உலைகளில் 278 டிகிரி, 33 சதவிகிதம். மீண்டும் கல்பாக்கத்துக்கே வந்தால், 2024 மார்ச் மாதத்தில் உலைக்கருவை நிரப்பும் பணி தொடங்கிய முன்மாதிரி வேக ஈனுலை, நீருக்குப் பதிலாக உருகிய சோடியத்தால் வெப்பத்தை எடுத்துச் செல்வதால், ஏறக்குறைய 490 டிகிரி நீராவியைத் தருமாறு திட்டமிடப்பட்டிருக்கிறது; 1250 மெகாவாட் வெப்பத்துக்கு 500 மெகாவாட் மின்சாரம், நாற்பது சதவிகிதம்.

உஷ்ணநிலை ஏற ஏறத் திறனும் ஏறுகிறது என்பது தெளிவாகிறது. அப்படியானால் நீரால் குளிரும் உலைகளிலும் உஷ்ணநிலையை ஏற்றிவிட்டால் என்ன? நீரே அதற்குச் சம்மதிப்பதில்லை. கூடங்குளத்து உலைக்குள் நீர் சுமார் 320 டிகிரியிலும் கொதித்துவிடாமல் திரவமாகவே இருக்கிறது என்றால், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 155 மடங்கு அழுத்தத்தில் அதை அடக்கி வைத்திருப்பதே காரணம். 374 டிகிரியைத் தாண்டினால் நீருக்கும் ஆவிக்கும் உள்ள பேதமே மறைந்துவிடும். ஆகவே நீர் உலைகளைப் பொறுத்தவரை மேல் எல்லை ஏறக்குறைய நிர்ணயமாகிவிட்டது. கட்டி முடித்துவிட்ட நிலையத்தில் உலையை மாற்ற முடியாது. உலைக்கும் கடலுக்கும் இடையில் நீராவி செய்யும் யாத்திரையில் எங்கெங்கே சிந்துகிறது என்று பார்ப்பதுதான் மிச்சம்.

நீராவியின் யாத்திரை

உலையில் சூடான நீர் நான்கு பெரிய உற்பத்திக்கலங்களில் தன் வெப்பத்தை வேறொரு நீருக்குக் கொடுத்து, அதை நீராவியாக்குகிறது. அந்த நீராவி முதலில் உயர் அழுத்த டர்பைனைச் சுற்றிவிட்டு வெளிவரும்போது நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு நீர்த்துளிகளாக மாறிப் போயிருக்கிறது. வேகமாகச் சுழலும் இறகுகளின்மேல் இந்தத் துளிகள் விழுவது, ஓடுகிற வண்டியின் கண்ணாடியில் ஆலங்கட்டி மழை விழுவதை ஒத்தது. இறகும் தேயும், சக்தியும் குறையும். ஈரம் ஒரு சதவிகிதம் கூடினால் திறன் ஏறத்தாழ ஒரு சதவிகிதம் குறையும் என்று பௌமன் என்ற பொறியாளர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கூறிய விதி இன்றும் முதல் மதிப்பீட்டுக்குப் பயன்படுகிறது. ஆகையால் இடையில் ஒரு கலத்தில் துளிகளைப் பிரித்தெடுத்து, உற்பத்திக்கலங்களிலிருந்து நேராக வரும் புது நீராவியில் கொஞ்சத்தைச் செலவிட்டு, பிரிந்த நீராவியை மறுபடியும் சூடேற்றித்தான் தாழ் அழுத்த டர்பைன்களுக்கு அனுப்புகிறார்கள்.

இங்கே முதல் சிக்கல் எழுகிறது. சூடேற்றப் பயன்படுத்தும் புது நீராவி, டர்பைனைச் சுற்றியிருக்கக்கூடிய நீராவிதான். அதை அதிகமாக எடுத்தால் முன்பக்கத்தில் நஷ்டம். குறைவாக எடுத்தால் பின்பக்கத்தில் ஈரம். எந்த அழுத்தத்தில் பிரிப்பது, எவ்வளவு எடுப்பது என்பதற்கு நடுவில் ஓரிடத்தில்தான் விடை இருக்கிறது.

இரண்டாவது சிக்கல், உற்பத்திக்கலங்களுக்குத் திரும்பும் ஊட்டுநீரைப் பற்றியது. நாற்பது டிகிரியில் குளிர்ந்து கிடக்கும் நீரை அப்படியே திருப்பி அனுப்பினால், உலையின் உயர்ந்த வெப்பம் தாழ்ந்த வேலைக்குச் செலவாகும். சந்தனக் கட்டையை அடுப்பெரிக்கப் பயன்படுத்துவது போன்ற காரியம் அது. அதனால் டர்பைனின் பல இடங்களில் துளையிட்டுப் பாதி வேலை செய்து முடித்த நீராவியைச் சிறிது சிறிதாக வெளியே எடுத்து, அதைக் கொண்டு ஊட்டுநீரைப் படிப்படியாக 220 டிகிரி வரையில் சூடேற்றுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் நீர் பெறும் வெப்பம் ஏறத்தாழச் சமமாக இருக்குமாறு பிரிப்பது நல்லது என்பது பழைய பொறியாளர்கள் கையால் போட்டுப் பார்த்துக் கண்ட விதி. ஆனால் அது இலட்சிய யந்திரத்துக்குச் சொன்ன விதி. வயதாகி, குழாய்களில் சிலவற்றை அடைத்துவிட்ட உண்மையான சூடேற்றிகளுக்கு அது முழுதும் பொருந்துவதில்லை.

மூன்றாவது சிக்கல் கடைசியில், கண்டென்சரில். நீராவி நீராகச் சுருங்கும்போது அங்கே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. 40 டிகிரியில் அதன் அழுத்தம் வளிமண்டலத்தில் பதினான்கில் ஒரு பங்கு. 30 டிகிரிக்கு இறக்க முடிந்தால் அழுத்தம் இன்னும் ஏறத்தாழப் பாதியாகும். வெற்றிடம் ஆழமாக ஆக, டர்பைனின் கடைசிப் படிகள் அதிக வேலை செய்யும். கூடங்குளம் அளவுள்ள உலையில் குளிர்ச்சிப் பக்கத்தை ஒரு டிகிரி தாழ்த்தினால், இலட்சியக் கணக்கில் ஐந்து மெகாவாட் கூடும். நடைமுறையில் அதைவிடக் குறைவு. நம்முடைய கடலோ வெப்பமண்டலக் கடல். பால்டிக் கடற்கரையில் நிற்கும் நிலையங்களுக்குக் கிடைக்கும் குளிர்நீர் நமக்குக் கிடைக்காது. போதாததற்குக் கடல் தன் பிள்ளைகளையும் நீரோடு அனுப்பிவைக்கிறது. கல்பாக்கத்தில் கடற்படுகைக்கு அடியில் 468 மீட்டர் நீளத்துக்குக் குடைந்த சுரங்கவழியாகத்தான் நீர் உள்ளே வருகிறது. அந்தச் சுரங்கத்தின் சுவரிலே பச்சை ஆளிகளும் பிற சிப்பியினங்களும் குடியேறி வளர்வதும், அவற்றைக் குளோரின் கலந்து அடக்குவதும், அங்குள்ள விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயங்கள். குழாயில் நகக்கண் அளவு அழுக்குப் படிந்தாலும் வெப்பம் கடக்கத் தயங்கும், வெற்றிடம் கெடும், மெகாவாட் குறையும்.

கணிப்பொறி செய்வது என்ன?

மூன்று சிக்கல்களையும் தனித்தனியாகச் சொன்னேன். ஆனால் யந்திரத்தில் அவை தனித்தனியாக இல்லை. ஓரிடத்தில் நீராவியை அதிகமாக உறிஞ்சினால் அடுத்த இடத்து அழுத்தம் மாறுகிறது. அது மாறினால் ஊட்டுநீரின் உஷ்ணநிலை மாறுகிறது. அது மாறினால் உலை அதே வெப்பத்துக்குத் தரும் நீராவியின் அளவே மாறிவிடுகிறது. கூட்டுக் குடும்பத்தில் ஒருவர் செலவை மாற்றினால் எல்லோருடைய வரவுசெலவும் மாறுவதுபோல, ஒன்றைத் தொட்டால் அத்தனையும் நகர்கிறது.

முன்காலத்தில் இந்தக் கணக்கை, ஜெர்மானியப் பேராசிரியர் மொலியர் 1904-இல் அளித்த வரைபடத்தையும் நீராவி அட்டவணைகளையும் மேசைமேல் விரித்து, அளவுகோலும் பென்சிலுமாக நாட்கணக்கில் போட்டார்கள். இன்றைக்கு, 1997-இல் சர்வதேச நீர், நீராவிக் கழகம் தொழில்துறைக்கென நிர்ணயித்த சமன்பாடுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே வந்த நீரும் வெளியே போன நீரும் சமம், உள்ளே வந்த வெப்பமும் வெளியே போன வெப்பமும் வேலையும் சமம் என்ற இரண்டு சமன்பாடுகளை எழுதி, அப்படி எழுதிய நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்த்துவிடுகிறார்கள். நாட்கணக்கில் ஆன வேலை விநாடிக்குள் முடிகிறது. விடை ஒருமுறை விநாடிக்குள் கிடைக்குமானால், கேள்வியை ஆயிரம் விதமாக மாற்றிக் கேட்கலாம் அல்லவா? கணிப்பொறி கொண்டுவந்த உண்மையான மாறுதல் இதுவே.

ஆயிரம் விதமாகக் கேட்பதிலும் நெறி வேண்டும். அமெரிக்காவில் ஜான் ஹாலண்ட் 1975-இல் வெளியிட்ட நூலில் விளக்கிய முறை, நம் உழவர் விதைநெல் பொறுக்குவதை ஒத்தது: பல அமைப்புகளைத் தாறுமாறாக உண்டாக்கி, அவற்றுள் நன்றாக விளைந்தவற்றைப் பொறுக்கி, ஒன்றின் குணத்தை மற்றொன்றோடு கலந்து, அடுத்த தலைமுறையை விதைப்பது. 1983-இல் கிர்க்பாட்ரிக், ஜெலாட், வெக்கி ஆகிய மூவர் கூறிய மற்றொரு முறை கொல்லன் இரும்பை மெல்ல ஆறவிட்டுப் பதப்படுத்துவதிலிருந்து பிறந்தது: தொடக்கத்தில் தவறான அடிகளையும் தாராளமாக அனுமதித்து, நேரம் ஆக ஆக அந்தச் சலுகையைக் குறைத்துக்கொண்டே வந்து, இறுதியில் ஒரு நல்ல அமைப்பில் நிலைபெறச் செய்வது.

பின்னே சொன்ன முறை அணு உலைகளில் பெரிதும் பயன்பட்ட இடம், எரிபொருளை அடுக்கும் வேலை. அது திறனைவிட யுரேனியச் சிக்கனத்தைச் சேர்ந்தது என்றாலும், இத்தகைய கணக்குகளின் பிரம்மாண்டத்தை அதைப்போல் வேறொன்று உணர்த்தாது. கூடங்குளத்து உலையில் 163 எரிபொருள் கற்றைகள் அறுகோண ஒழுங்கில் நிற்கின்றன. நடுவில் ஒன்று, மற்றவை ஆறு சம பாகங்கள், பாகத்துக்கு இருபத்தேழு. ஒரு பாகத்தை அடுக்கினால் மற்ற ஐந்தும் அதன் நகல் என்று வைத்துக்கொண்டாலும், இருபத்தேழு வெவ்வேறு கற்றைகளை இருபத்தேழு இடங்களில் அடுக்கும் வழிகள் ஒன்றுக்குப் பின் இருபத்தெட்டுச் சுழிகள் போட்ட எண்ணிக்கைக்கு மேற்படும். விநாடிக்கு ஒரு கோடி வழிகளைப் பரிசோதித்தாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது. ஆகவே கணிப்பொறி எல்லாவற்றையும் பார்த்து விடை சொல்வதில்லை. புத்திசாலித்தனமாகத் தேடி, போதுமான அளவு நல்லதொரு விடையைக் கொண்டுவருகிறது. மிகச் சிறந்தது இதுதான் என்று அது சத்தியம் செய்வதில்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

பொய் சொல்லும் குழாய்

இவ்வளவு பெரிய கணிதத்தை வியந்து நிற்கும் வேளையில், இந்தத் துறையின் மிகப் பெரிய லாபங்களுள் ஒன்று ஒரு குழாயைச் சரியாக அளந்ததால் வந்தது என்று சொன்னால் வாசகர் நம்புவாரோ என்னவோ. அணு உலையின் வெப்பச் சக்தியை நேராக அளக்கும் கருவி இல்லை. ஊட்டுநீர் விநாடிக்கு எவ்வளவு போகிறது, எந்த உஷ்ணநிலையில் போய் எந்த நிலையில் நீராவியாக வருகிறது என்பவற்றிலிருந்தே அதைக் கணக்கிடுகிறார்கள். ஓட்டத்தை அளக்கும் பழைய வழி வெஞ்சுரி என்னும் இடை குறுகிய குழாய்: இடையில் நீர் வேகமெடுக்கும்போது அழுத்தம் குறைகிறது, குறைந்த அளவைக் கொண்டு ஓட்டத்தை அறிகிறார்கள். ஆண்டுக்கணக்கில் நீர் ஓடும்போது அந்த இடையில் மெல்லிய படிவு சேர்கிறது. இடை இன்னும் குறுகுகிறது. அழுத்தம் இன்னும் குறைகிறது. ஓட்டம் கூடிவிட்டதாகக் கருவி சொல்கிறது. உலை தன் வரம்பை எட்டிவிட்டது என்று நம்பி இயக்குநர் சக்தியைத் தணிக்கிறார். உண்மையில் உலை வரம்புக்குக் கீழேயே ஓடிக்கொண்டிருக்கிறது. யாரும் திருடவில்லை, எதுவும் உடையவில்லை. ஆனாலும் நாள்தோறும் மின்சாரம் குறைந்துகொண்டிருக்கிறது.

இப்படிப்பட்ட அளவைப் பிழைகளை உத்தேசித்துத்தான் 1970-களில் அமெரிக்க அணுசக்தி ஒழுங்குமுறை விதிகள், விபத்துக் கணக்குகளில் உலையின் சக்தியை இரண்டு சதவிகிதம் கூடுதலாக வைத்துப் பார்க்கச் சொல்லின. நீரின் ஓட்டத்தோடு ஒருமுறையும் ஓட்டத்துக்கு எதிராக ஒருமுறையும் ஒலியலையைச் செலுத்தி, இரண்டுக்கும் உள்ள கால வித்தியாசத்தால் வேகத்தை அறியும் கருவிகள் வந்த பிறகு, பிழை வெகுவாகச் சுருங்கியது. டெக்ஸாஸ் மாநிலத்துக் கமான்சே பீக் நிலையம் 1999-இல் இதைக் காட்டி ஒரு சதவிகிதம் சக்தியை உயர்த்த அனுமதி பெற்றது. 2000-இல் விதியே திருத்தப்பட்டது. அளவையைத் திருத்தியதற்குக் கிடைத்த பரிசு அது. மூவாயிரம் மெகாவாட் உலையில் இரண்டு சதவிகிதம் என்பது அறுபது மெகாவாட் வெப்பம், இருபது மெகாவாட் மின்சாரம்.

கதையின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லினாய் மாநிலத்துப் பைரன் நிலையத்தில் பொருத்தப்பட்டிருந்த வேறொரு வகை ஒலிக்கருவி, குழாயிலேயே எழுந்த இரைச்சலால் ஏமாந்து ஓட்டத்தைக் குறைத்துச் சொன்னதையும், அதனால் உலைகள் அனுமதிக்கப்பட்ட அளவுக்குச் சற்று மேலேயே ஓடிவந்ததையும் 2003-இல் கண்டுபிடித்தார்கள். முந்தைய பொய் பணத்தைத் தின்றது. இந்தப் பொய் பாதுகாப்பின் ஓரத்தைச் சுரண்டியது. இரண்டும் அளவையின் குற்றங்கள். கணிப்பொறியால் தானாகக் கண்டுகொள்ள முடியாதவை.

கர்ணத்தின் சாமர்த்தியம்

தானாகக் கண்டுகொள்ள முடியாது என்றேன்; கண்டுகொள்ளக் கற்பிக்க முடியும். அந்நாளில் கிராமக் கர்ணம் நிலம் அளக்கும்போது, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே அளந்து, பிறகு மொத்தப் புலத்தையும் அளப்பார். துண்டுகளின் கூட்டுத்தொகை மொத்தத்துக்குச் சமமாக வராது, வரவே வராது. எந்த அளவு சந்தேகத்துக்கு உரியது என்பதை அனுபவத்தால் அறிந்து, வித்தியாசத்தை அதன் தலையில் அதிகமாகவும், நம்பகமான அளவுகளின் தலையில் குறைவாகவும் பங்கிட்டுக் கணக்கை நேர் செய்வார். இதே காரியத்துக்குக் கணித உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஜெர்மானிய மேதை காஸ். 1801 ஜனவரி முதல் நாளன்று பியாஸி கண்டுபிடித்த சீரிஸ் என்னும் சிறு கோள் சூரியனுக்குப் பின்னால் மறைந்துபோனபோது, கைவசம் இருந்த சில பிழையுள்ள அளவுகளைக் கொண்டே அது எங்கே மீண்டும் தோன்றும் என்று இருபத்து நான்கு வயது காஸ் கணக்கிட்டார். ஆண்டு முடிவில் அது அங்கேயே தோன்றிற்று.

1961-இல் கூன், டேவிட்சன் என்ற இருவர் இந்த நெறியை ரசாயன ஆலைகளின் கருவிகளுக்குப் பொருத்தினார்கள். 2000-இல் ஜெர்மானியப் பொறியாளர் சங்கம் அதை மின்நிலையங்களுக்கான நெறிமுறையாகவே வெளியிட்டது. நிலையத்திலுள்ள நூற்றுக்கணக்கான கருவிகளின் அளவுகளையெல்லாம் ஒன்றாகத் திரட்டி, நீரும் வெப்பமும் எங்கும் மாயமாக மறைவதில்லை என்ற நியதிக்கு அவை உடன்படுமாறு மிகக் குறைந்த அளவில் திருத்தும்போது, எந்தக் கருவி மட்டும் அளவுக்கு மீறித் திருத்தப்பட வேண்டியிருக்கிறதோ, அதுவே பொய்யன் என்று வெளிப்படுகிறது. படிவு சேர்ந்த வெஞ்சுரி இப்படித்தான் பிடிபடுகிறது. அடைத்திருக்க வேண்டிய வால்வு ஒன்று சரியாக அடைபடாமல், தொழிலாளர் மொழியில் ‘பாஸாகி’, நல்ல நீராவியை நேராகக் கண்டென்சருக்குக் கசியவிடுவதும் இப்படித்தான் பிடிபடுகிறது. அந்த வால்வைத் திருகி மூடுவதற்கு எந்த உயர் கணிதமும் வேண்டாம். ஒரு ஃபிட்டர் போதும். எந்த வால்வு என்று சொல்வதற்குத்தான் கணிதம் வேண்டும்.

தோசைக்கல்லின் பாடம்

லாபத்தைத் தேடும் கணக்குக்குக் கரை ஒன்று வேண்டும். அந்தக் கரை எது என்பதை நம் வீட்டுச் சமையலறையிலேயே பார்க்கலாம். தோசை வார்ப்பதற்கு முன் கல்லில் நீர் தெளித்துப் பார்ப்பது வழக்கம். பதமாகக் காய்ந்த கல்லில் நீர் சுர்ரென்று பொங்கி உடனே மறையும். கல் மிஞ்சிக் காய்ந்துவிட்டாலோ, நீர் மறைவதில்லை. முத்து முத்தாகத் திரண்டு கல்லின்மேல் ஓடி விளையாடும். அதிக சூடான கல் நீரை அதிவேகமாக ஆவியாக்க வேண்டியிருக்க, ஏன் இந்த விபரீதம்? துளிக்கும் கல்லுக்கும் இடையில் மெல்லிய நீராவித் திரை ஒன்று எழுந்து, வெப்பம் கடக்காமல் மறித்துவிடுகிறது.

அணு எரிபொருள் கம்பியின்மேல் இதே திரை எழுந்துவிட்டால், கம்பியின் வெப்பம் நீருக்குப் போக வழியில்லாமல், கம்பியின் உறை விநாடிகளில் சிதையும் நிலைக்கு வந்துவிடும். ஆகவே உலையின் ஒவ்வோர் இயக்க நிலையிலும் அந்த ஆபத்துக்கு இவ்வளவு தூரத்தில் நிற்க வேண்டும் என்று ஓர் இடைவெளி விதிக்கப்பட்டிருக்கிறது. கணிப்பொறிக்கு இந்த இடைவெளியைப் பேரம் பேசத்தக்க விலையாகக் கொடுக்கலாகாது; தாண்டக் கூடாத வேலியாகவே கொடுக்க வேண்டும். இன்று நரம்புவலைகளும் செயற்கை அறிவும் பழைய சமன்பாடுகளின் இடத்தில் விரைந்து விடை சொல்லப் பயன்படத் தொடங்கியிருக்கின்றன. தாம் கண்ட எல்லைக்குள் அவை நன்றாகவே சொல்லும். காணாத இடத்திலும் அதே தைரியத்தோடு சொல்லும் என்பதே அவற்றின் குறை. தேடுவதற்கு அவற்றை அனுப்பலாம். தீர்ப்பு சொல்லும் பீடத்தில், பௌதிக விதிகளின்படி எழுதிச் சோதிக்கப்பட்ட கணக்கே அமர்ந்திருக்க வேண்டும்.

சில்லறைக் கணக்கு

இத்தனை பிரயாசைக்கும் பலன் என்ன? பிரமாதமாக ஒன்றுமில்லை என்று முதலில் தோன்றும். திறன் 33.3 சதவிகிதத்திலிருந்து 33.6 அல்லது 33.7-க்கு ஏறினால் பெரிது. ஆனால் அந்தச் சில்லறை, கூடங்குளம் அளவுள்ள ஓர் உலையில் பத்து மெகாவாட். ஆண்டில் ஐந்தில் நான்கு பங்கு காலம் ஓடினாலும் ஏழு கோடி யூனிட். மாதம் இருநூறு யூனிட் செலவிடும் வீடுகள் இருபத்தொன்பதாயிரத்துக்குப் போதுமானது. இதற்காகக் கூடுதலாக ஒரு குண்டுமணி யுரேனியமும் பிளக்கப்படுவதில்லை. கூடுதல் கழிவும் இல்லை. கடலுக்குப் போகும் வெப்பத்தில் மட்டும் பத்து மெகாவாட் குறைகிறது.

பிறகு ஏன் இதில் அசட்டை? நிலக்கரி நிலையத்தில் எரிபொருளே பெருஞ்செலவு. அங்கே ஒவ்வொரு கிலோவும் கண்ணில் படும். அணுமின் நிலையத்தில் கட்டுமானச் செலவே பெரிது, எரிபொருள் சிறிது. ஆகவே உலை நிற்காமல் ஓடினால் போதும் என்ற மனோபாவம் உலகெங்கும் வேரூன்றிவிட்டது. கிணற்றில் நீர் நிறைய இருக்கும் வீட்டில் குழாய் சொட்டுவதை யார் கவனிக்கிறார்கள்?

தவிர்க்க முடியாத வெப்பத்துக்கும் ஒரு கதி தேடலாம். நாற்பது டிகிரி வெப்பம் ஏறத்தாழ ஒன்றுக்கும் உதவாது. ஆனால் டர்பைனில் பாதி வேலை முடித்த நீராவி உதவும். கல்பாக்கத்தில் பாபா அணு ஆராய்ச்சி மையம் அமைத்த கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், கனநீர் உலைகளிலிருந்து அத்தகைய நீராவியை வாங்கிக் கடல்நீரை ஆவியாக்குவதோடு, சவ்வின் வழியாக அழுத்தி வடிக்கும் முறையையும் சேர்த்து, நாளொன்றுக்கு 63 லட்சம் லிட்டர் நன்னீர் தருமாறு திட்டமிடப்பட்டது. எந்த இடத்தில் எவ்வளவு நீராவியை எடுத்தால் மின்சாரத்தில் குறைவது குறைவாகவும் குடிநீரில் கூடுவது அதிகமாகவும் இருக்கும் என்பதும் நாம் இதுவரை பேசிய கணக்குகளின் உடன்பிறப்பே.

அணு மின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை இந்தக் கணக்கு தீர்த்து வைக்காது. கழிவைப் பற்றிய கேள்விகளுக்கும் விபத்தைப் பற்றிய அச்சத்துக்கும் திறன் ஒரு பதிலாகாது. ஆனால் கட்டியாகிவிட்ட உலை, ஓடும் காலமெல்லாம் ஒழுங்காக அளந்து, சிந்தாமல் ஓடவேண்டும் என்பதில் இரு கட்சியாருக்கும் பேதம் இருக்க நியாயமில்லை. கணிதம் எவ்வளவு வல்லமை பெற்றாலும் அதற்கு இடும் எண் பொய்யானால் விடையும் பொய்யே. ஆகவே சிக்கனத்தின் முதற்படி தேடல் அன்று, அளவை. அளந்ததை மறைத்து வைக்காமல் பொதுஜனங்களின் முன் வைப்பது இரண்டாம் படி. எத்தனை யூனிட் மின்சாரம் உற்பத்தியாயிற்று என்று நிலையங்கள் பெருமையோடு அறிவிக்கும் அதே பக்கத்தில், அதற்கு எவ்வளவு வெப்பம் செலவாயிற்று, கடலுக்கு எவ்வளவு போயிற்று என்ற இரண்டு எண்களையும் மாதந்தோறும் அச்சிடட்டும். கரையில் வலை காயவைப்பவரும் அதைப் படித்துப் பார்க்கட்டும்.